அப்பாவின் பெயரைச் சொல்லக் கூசினேன்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கையெழுத்தும் பிழைகளும் உங்களைச் சிரமப்படுத்தினால் மன்னிக்கவும்.

என் அப்பாவின் பெயர் பிச்சை. அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவரைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, பிச்சை கேட்டுத் திரும்ப வாங்கி, அந்தப் பெயரை வைத்தார்களாம். அவர் பிழைத்தார்.

போன மாதம் குரோம்பேட்டையில் என் மகளின் குழந்தைக்குப் பெயர் வைத்தோம். சம்பந்தி வீட்டார் எல்லோரும் ஆபீஸ் வேலைக்காரர்கள்.

"சம்பந்தி, உங்க அப்பா பேரையும் காதுல சொல்லணும்னு மருமக ஆசைப்படறா. என்ன பேரு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. "ராஜமாணிக்கம்" என்றேன்.

"இன்னாப்பா, யாரு அது ராஜமாணிக்கம்?" என்றாள் என் மகள். "தாத்தா பேரு பிச்சை. என் முதல் குழந்தை தங்கலன்னுதானேப்பா அந்தப் பேரு வேணும்னு கேட்டேன்?" சொல்லும்போதே குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா குழந்தையை வாங்கி என் மடியில் வைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றார். குனிந்து மூன்று முறை சொன்னேன்.

அந்தப் பெயரால் பிழைத்தவருக்குத்தான் நான் பிறந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டேனே என்பதுதான் இப்போது எனக்கு வெட்கம்.

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்து இதை எழுதினேன்.

தாம்பரம், தை அமாவாசை.