கறுப்பில் நின்ற ஆறு பேர்

மூன்று வாரம் உட்கார்ந்து நான் வரைந்த ஆறு பேரையும் அந்த மேடம் ஒரே நொடியில் கறுப்பாக்கினார். அதுவரை தாத்தா, அப்பா, அம்மா, அத்தை, பேத்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று திரையில் வண்ணமாக நின்றிருந்தவர்கள், அவர் மவுஸை ஓர் அழுத்து அழுத்தியதும் வெறும் நிழல்களானார்கள். நான் ஒவ்வொன்றாகப் போட்ட கண்ணிமை, புடவைக் கரை, ஜிமிக்கி எதுவும் இல்லை. உயரத்தில் கொஞ்சம் கூடக்குறைய, மற்றபடி ஆறும் ஒரே வடிவம். மேடம் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "இதுல தாத்தா யாருங்க?" என்று கேட்டார். பின் வரிசையிலிருந்து ஒருவன் "மூணாவது மேடம்" என்றான். மூன்றாவது அம்மா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அழாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திருப்பூரில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் டிசைன் படிக்கிறேன் என்று சொன்னால் பனியனில் அடிக்கும் டிசைனா என்றுதான் கேட்பார்கள். கதையில் வருகிற ஆட்களை வரைவது, அவர்கள் எப்படி இருப்பார்கள், எப்படி நிற்பார்கள் என்று முடிவு செய்வது என்று நான் ஒவ்வொருவரிடமும் விளக்குவேன். அந்த மேடம் கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் செய்யும் ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தவர். எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை இரண்டு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது நான்தான் என்று வகுப்பில் எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரையும்விட அதிகமாக நான் நினைத்தேன்.

அவர் ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "உங்க கை ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா நீங்க ஆளுகளைப் பாக்கறதே இல்லீங்க" என்றார். பத்து நாள் கழித்து மறுபடி வருவதாகவும், விருப்பம் இருந்தால் புதிதாக வரைந்து காட்டலாம் என்றும் சொன்னார். ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படிப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் வரிசை வீடுகளில் ஒன்றில் அம்மா, அண்ணன், மதினி, நான் என நால்வர் இருந்தோம். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மதினியை அண்ணன் அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். வீட்டில் எந்த விஷயத்தையும் அவரிடம்தான் முதலில் சொல்வேன். அன்று சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார்.

"என்னட்டி, மூஞ்சி இந்தக் கெதியில இருக்கு?"

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். நான் கொட்டித் தீர்த்தேன். ஆறு பேரையும் கறுப்பாக்கிவிட்டு யார் என்று கேட்டால் எப்படித் தெரியும், இது ஒரு நியாயமா என்று கத்தினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், மதினி தலையைச் சாய்த்து யோசித்தார்.

"ஏன் தெரியாது? எங்க லைன்ல கரண்ட் போயிட்டா ஜெனரேட்டர் போடுத வரைக்கும் இருட்டாத்தான் கெடக்கும். வாசல்ல வெளிச்சம் இருக்கும்லா, அதுல யாரு எந்திரிச்சுப் போறான்னு நான் கரெக்டாச் சொல்லுவேன். முப்பது பேரையும் சொல்லுவேன்."

"சும்மா அளக்காதீங்க மதினி."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். சமையற்கட்டுக்கும் வாசலுக்கும் இடையே எட்டடி இருக்கும். அந்த எட்டடிக்குள் அவருடைய கம்பெனி முழுவதையும் நடந்து காட்டினார். செக்கிங் அக்கா கை காலியாக இருந்தாலும் துணிக்கட்டைச் சுமப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் வளைத்துக்கொண்டு, இடுப்பு முதலில் போக, ஆள் பின்னால் வருவார். ஒடிசாவிலிருந்து வந்த பெண் தோளை உள்ளே இழுத்துக்கொண்டு, எதையோ கேட்க வந்து கேட்காமல் திரும்புகிறவள்போல் குட்டி அடிகளாக வைத்து ஓடுவாள். சூப்பர்வைசருக்குத் தாடை மட்டும் ஓரடி முன்னால் வரும். மதினியின் முகம் மாறவேயில்லை. அதே நைட்டி, அதே கொண்டை. ஆனால் எட்டடிக்குள் ஆள் மாறி மாறி வந்துகொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. பாதிச் சிரிப்பில் சட்டென்று எழுந்துபோய்ப் பென்சிலை எடுத்துவந்தேன். "இன்னொருக்கா, இன்னொருக்கா அந்த ஒடிசாப் பொண்ணு மதினி!" என்று நான் கத்த, வெளியிலிருந்து வந்த அம்மா எங்கள் இருவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்.

மறுநாள் சாயங்காலம் மதினியின் கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருந்த பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். சங்கு ஊதியது. கூட்டம் வெளியே வந்தது. நான் பார்த்தே இராத மனிதர்கள். ஆனால் இடுப்பு முதலில் வர ஒருவர் கேட்டைத் தாண்டியதும் என் உடம்பு சிலிர்த்தது. செக்கிங் அக்கா! அவருக்குப் பின்னால், பேச வந்ததைப் பேசாமல் அந்த ஒடிசாப் பெண். முன்பின் அறியாதவர்களை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டிருந்தேன். வாங்கிய தேங்காய் பன்னைத் தின்னவும் மறந்து வரைந்தேன். அப்படியே ஒரு வாரம். பழைய குடும்பக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே கம்பெனி வேனில் போகும் ஆறு பேர் என்று புதுக் கதை வைத்துக்கொண்டேன். வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் மனம் சாயங்காலச் சங்குக்காகக் காத்திருந்தது. மேடம் சொன்னது அப்போதும் எனக்குக் கசந்தது. ஆனால் அதை நினைத்து வருந்த நேரம் இல்லாமல் போனது.

ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். கதாநாயகி மட்டும் வரவில்லை. யாரை வரைந்தாலும் பழைய பொம்மையாகவே வந்தது. வரவேண்டியவர் யார் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் தள்ளிப்போட்டேன்.

மதினிக்குச் சிறு வயதில் கிணற்று மேட்டிலிருந்து விழுந்து ஒரு கால் சற்றே குட்டையாகிவிட்டது. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் அமிழ்ந்து எழும். அதைக் காரணம் சொல்லியே அவரைப் பெண் பார்க்க வந்த பலர் திரும்பிப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எழுந்து நடந்தால் நாங்கள் வேறு எதையாவது பார்ப்போம். கம்பெனியை நடந்து காட்டிய அன்றும் நான் பார்த்தது மற்றவர்களைத்தான். அதுதான் மரியாதை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே பழகிக்கொண்டது. விருந்தாளி வந்தால் மதினி முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொள்வார். அவர்கள் போன பிறகுதான் எழுவார்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனபின் அவரை வரைந்தேன். இடுப்பில் தண்ணீர்க் குடம், உடம்பு ஒரு பக்கம் அமிழ, குடம் மறுபக்கம் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் நிமிர்ந்த தலை. பத்தே நிமிடம். நான் அதுவரை வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது என்று உடனே தெரிந்தது. அவரிடம் கேட்காமல் இதை யாருக்கும் காட்டக்கூடாது என்பதும் அதே கணத்தில் தெரிந்தது. கால்களை நேராக்கி இன்னொன்று வரைந்து பார்த்தேன். அதில் உயிரில்லை. மேடம் திங்கட்கிழமை வருகிறார். கேட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இந்த வீட்டில் அவரைப் புண்படுத்திய முதல் ஆள் நானாகிவிடுவேனோ?

ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட்டுவிட்டு வந்தவரிடம் நோட்டை நீட்டினேன். அவர் வாங்கி, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எந்தக் காலு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீ போட்டுருக்கது வலது காலு. எனக்கு இடதுல்லா. மூணு வருசமா ஒரே வீட்டுல கெடக்கோம், எந்தக் காலுன்னு தெரியலையாட்டி உனக்கு?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமான ஆச்சரியத்தில் கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. ஆளைப் பார்ப்பதே இல்லை என்று முன்பின் பழகாத ஒருவர் என்னிடம் சொன்னதற்கு நான் எவ்வளவு கோபப்பட்டேன்! தினமும் எனக்குச் சோறு போடுகிறவரின் எந்தக் கால் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்து மூன்று வருடமாக அவரைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன். அந்தப் பார்வைத் திருப்பல் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

மதினி நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு நைட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். "பாரு. நல்லாப் பாரு" என்று சொல்லி வாசல்வரை நடந்தார். திரும்பினார். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி நடந்தார். குடம் நான் நினைத்த பக்கமும் இல்லை. நான் வரைய வரைய அவர் நடந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "வேகமா நடந்தா இன்னும் ஒரு மாதிரி வரும், காட்டட்டா?" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது.

"இவ கதையில வேலைக்காரியா?"

"இல்ல மதினி, கதாநாயகி."

"அப்பச் சரி. மூக்குத்தி வை."

"கறுப்பாக்கினா மூக்குத்தி தெரியாது மதினி."

"கறுப்பு போனப்புறம் தெரியும்லா? வை."

திங்கட்கிழமை மேடம் ஆறு பேரையும் மறுபடி கறுப்பாக்கினார். இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. "அந்தக் குடம் வெச்சவங்கதான் கதையே" என்று முன் வரிசைப் பெண் ஒருத்தி சொன்னாள். மேடம் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாலு பேரு உசுரோட இருக்காங்க. சூப்பர்வைசரும் வேன் டிரைவரும் இன்னும் பொம்மைதானுங்க" என்றார். அந்த இரண்டு மாதப் பயிற்சி என் வகுப்பு நண்பன் ஒருவனுக்குப் போனது. அவனுடைய ஆறும் உயிரோடு இருந்தன. எனக்கு ஏமாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேருந்தில் வீட்டுக்கு வரும்போது, ஆறில் நான்கு என்று கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மாள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் கழுத்தைத் திருப்பும் விதத்தை வீட்டுக்கு வந்ததும் வரைந்து வைத்தேன்.

அடுத்த ஆண்டு அதே ஸ்டுடியோவில் எனக்கு இடம் கிடைத்தது. இப்போது அங்கேதான் வேலை செய்கிறேன். என் படங்கள் அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று திருப்பி அனுப்பப்படுகின்றன. இன்றும் அது சுகமாக இல்லை. ஆனால் திரும்பி வந்த படத்தை மூடிவைத்துவிட்டுத் தெருவுக்குப் போய் நிற்க எனக்குத் தெரியும்.

அந்த இரண்டாம் ஆண்டின் கடைசியில் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். மதினி அன்று தனியாக வரவில்லை. தன் லைனிலிருந்து பதினோரு பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். என் படங்களின் முன்னால் போய் நின்றவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏனுங் கண்ணு, எம்பட இடுப்பு இத்தாச்சோடாவா இருக்குது?" என்று செக்கிங் அக்கா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டிவிட்டு என் கன்னத்தைக் கிள்ள, மற்றவர்கள் ஒரே குரலில் "ஆமாங்க்கா!" என்றார்கள். ஒடிசாப் பெண் போனில் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, தன் படத்தின்மேல் கேமராவை வைத்து ஏதோ கீச்சுக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மதினி தன் படத்துக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்று, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "இது நாந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் அந்தக் கூச்சலில் சேரவில்லை. கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒல்லியான அக்கா. ஆறு படத்தையும் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "கண்ணு, நானும் அந்த கேட்லதான் தெனமும் வந்தேன். என்னைய ஏன் போடலீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நோட்டை எடுத்தேன். அவர் ஆதார் அட்டைக்குப் படம் எடுப்பதுபோல் கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார்.

"நிக்காதிய அக்கா. நடங்க" என்றார் மதினி.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அந்த அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே கதவுவரை போனார். முதல் நடை எனக்கு ஒன்றும் தரவில்லை. திரும்பி வரும்போது யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட, அவர் நடந்தபடியே தோளுக்கு மேலாகத் திரும்பி, கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து விரிந்தே நின்றுவிட்ட இரண்டு விரலை உயர்த்தி, "இருங்கடி, என்னைய வரையறாங்க!" என்று கத்தினார். என் பென்சில் ஓடத் தொடங்கியது.