ஓடைக்குள் கேட்ட என் குரல்

பேய், ஆவி, மலையில் சித்தர் நடமாட்டம் என்று யாராவது ஆரம்பித்தால், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சாத்தூரில் பத்தொன்பது வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், ஜெபம் பண்ணுவேன், அதோடு சரி. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு மலை நடைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலைகள்தான். வனத்துறையில் அனுமதி வாங்கி, காட்டு வாட்சர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு நாள், மூன்று நாள் நடை. சிவகாசிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். வருஷம் பூராவும் லோடு, ஆர்டர் என்று ஓடுகிறவர்களுக்குத் தீபாவளி முடிந்தால்தான் மூச்சுவிட நேரம். ஆனால் மலையில் மழை பிடிப்பதும் அந்த மாசத்தில்தான்.

அந்த வருஷம் என் குரல் போய்விட்டது. தொண்டைக்கட்டு இல்லை, சுத்தமாகவே போய்விட்டது. மைதானத்தில் அத்தனை வருஷம் கத்திய கத்து. மதுரை டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, தடிப்பு இருக்கிறது, ஒரு மாசம் வாயைத் திறக்கக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, குரல் திரும்புமா என்பதை அப்புறம்தான் சொல்லமுடியும் என்றார். வழிகாட்டிக்குக் குரல் இல்லையென்றால் பிழைப்பு ஏது? அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே ஊர் வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நடை ஏற்பாடாகி இருந்தது. ரத்து செய்திருக்கவேண்டும். இதுதான் கடைசி நடையோ என்ற ஆசையில் செய்யவில்லை. ஒரு விசிலும் சின்ன நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வந்தது ஐந்து பேர். சிவகாசியில் லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருக்கும் ரத்தினம் அண்ணாச்சி, அவர் மனைவி பாக்கியம் அக்கா, அச்சகத்தில் வேலை பார்க்கும் மூன்று பேர். அண்ணாச்சிக்கு முந்தின வருஷம்தான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதில் இருந்து மனிதர் விடுவதாக இல்லை. வாட்சராக வந்தவர் மாடசாமி, முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர்.

இரண்டு நாள் வெயில்தான். மூன்றாம் நாள் இறங்கும்போது, மதியம் மூன்று மணி இருக்கும், மேகம் அப்படியே இறங்கி மூடிவிட்டது. நாலடிக்கு முன்னால் போகிற ஆள் தெரியவில்லை. பாதை அந்த இடத்தில் ஓடைக்குள்ளேயே போகிறது, பாறைக்குப் பாறை கால் வைத்து இறங்கவேண்டும். தண்ணீர் கணுக்கால் அளவுதான். மாடசாமி முன்னால், ஐந்து பேரும் நடுவில், நான் கடைசி. நூறு அடிக்கு ஒருதரம் நான் விசில் ஊதுவேன், எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம்.

வழுக்கிவிட்டது. இரண்டு பாறைக்கு நடுவில் வலது கால் முழங்கால் வரை இறங்கி மாட்டிக்கொண்டது. விசில் கயிறு அறுந்து தண்ணீரோடு போயிற்று. எனக்கு முன்னால் போன பாக்கியம் அக்கா மேகத்துக்குள் போய்விட்டார். கூப்பிட வாயைத் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது.

விசில் நின்றுபோனதைக் கவனித்தவர் மாடசாமிதான். ஐந்து பேரையும் ஒரு வளைவில் மணல் திட்டில் நிறுத்திவிட்டு என்னைத் தேடி மேலே வந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் கீழ வளைவுல மணல் திட்டுல நிறுத்தியிருக்கேன், நீங்க அசையாதீக அக்கா, நான் கல்லை நெம்புதேன்" என்று ஒரு கம்பைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் தண்ணீரைப் பார்த்தேன். தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே எங்கேயோ கொட்டித் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளம் வருகிறது. நான் இருந்த இடமாவது மேடு. கீழே அந்த ஐந்து பேர் நிற்பது நட்ட நடு ஓடையில்.

அந்த வளைவு எனக்குத் தெரியும். வலது கைப் பக்கம் ஒரு அத்திமரம், அதன் வேர் பாறை மேல் ஏணி மாதிரி படர்ந்திருக்கும். அதைப் பிடித்து ஏறினால் மேலே ஒரு பாறைக்குடை, பத்துப் பேர் உட்காரலாம். ஆனால் மேகத்துக்குள் அவர்களுக்கு அந்த மரம் தெரியாது. மாடசாமியின் கையைப் பிடித்து இழுத்து, கீழே ஓடு என்று சைகை காட்டினேன். அவர் ஓடினார். நான் அங்கே மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, உள்ளுக்குள்ளேயே கத்தினேன். அண்ணாச்சி, வலது கைப் பக்கம், அத்தி வேரைப் பிடிங்க, மேல ஏறுங்க, பாக்கியம் அக்கா, ஏறுங்க. தொண்டை நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவே இல்லை.

வெள்ளம் என் இடுப்பில் மோதிக்கொண்டு போனது. நம்புவீர்களோ என்னவோ, அந்த வேகத்தில்தான் கல் புரண்டு என் காலை விட்டது. எப்படிக் கரை ஏறினேன் என்று தெரியாது. பாறை ஓரமாகவே தவழ்ந்து, நொண்டி, கீழே வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த மணல் திட்டு இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

மேலே இருந்து ஒரு கை ஆடியது. மாடசாமி.

பாறைக்குடைக்குள் ஐந்து பேரும் இருந்தார்கள். அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், ஆனால் முகத்தில் சிரிப்பு. என்னைக் கண்டதும், "வாங்க டீச்சர், நீங்க மட்டும் கூப்பிடலைனா இன்னைக்கு நாங்க வைப்பாத்துல மெதந்திருப்போம்" என்றார்.

நான் மாடசாமியைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார், "நான் வரும்போதே எல்லாரும் மேல ஏறி நிக்காக அக்கா. நான் வாயே திறக்கல."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டீகளே டீச்சர், குரல் திரும்பிட்டுன்னுல்ல நெனச்சோம்," என்றார் பாக்கியம் அக்கா. "அத்தி வேரைப் புடிக்கச் சொன்னீக. எனக்கு அத்தியும் தெரியாது, ஆலும் தெரியாது. கைய நீட்டினேன், வேரு கையில மாட்டுச்சு."

நனைந்துபோன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். 'நான் பேசவே இல்லை. எனக்குப் பேச வராது.' பாக்கியம் அக்கா எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இந்துவும் கிறிஸ்தவரும் சேர்ந்து அவரவர் சாமியைக் கும்பிட்டோம், வேறென்ன செய்வது.

தண்ணீர் வடிந்ததும் இறங்கிவிட்டோம். ஒன்றரை மாசத்தில் என் குரல் திரும்பியது. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். பத்து பேரைத் தாராளமாக மேய்க்கலாம். அந்த ஐந்து பேரும் வருஷா வருஷம் வருகிறார்கள், மழை முடிந்த தை மாசத்தில். அண்ணாச்சி இப்போது என்னைவிட வேகமாக ஏறுகிறார்.

மாடசாமி பயந்து கத்தியிருப்பார், அது பாறையில் எதிரொலித்திருக்கும் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அச்சகத்துப் பையன்களில் ஒருவரான குமார் அந்த வீடியோவைக் காட்டும்வரை. மணல் திட்டில் காத்திருந்த நேரத்தில் மேகத்தைப் படம் எடுத்திருக்கிறார், பிறகு மறந்தேபோய்விட்டார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் ஓடுகிறது. தூறல் சத்தம், பூச்சி சத்தம், வேறு எந்தக் குரலும் இல்லை. திடீரென்று எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புகிறார்கள். நான் கிடந்த பக்கம் இல்லை, வலது பக்கம், வெறும் மேகத்தைப் பார்த்து. அண்ணாச்சி, "சரி டீச்சர், ஏறுதோம்" என்கிறார்.

அதுவரைக்கும் நான் தாங்கிக்கொள்வேன். அதைத்தானே மனதுக்குள் கத்தினேன். ஆனால் படம் முடிகிற இடத்தில் பாக்கியம் அக்கா, யாரோ ஏதோ கேட்டதுபோல் நிமிர்ந்து, லேசாகச் சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறார்.

"பயமா? எனக்கென்ன டீச்சர் பயம், நீங்கதான் முன்னால நிக்கிறீகளே."

இப்படிச் சொன்னதே அவருக்கு ஞாபகம் இல்லை. பயமாக இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யாரையும் கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை. பயந்து செத்துக்கொண்டிருந்தது நான்தான்.