அறுபத்து நான்குக்கு எண்பத்தொன்பது

2006 ஒக்டோபர் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். எசனில் தூறல், பதினொரு பாகை குளிர். நானும் மனைவியும் ஒரு ஜெர்மன் அம்மாவின் வாசலில் நின்றோம். அவருக்கு அன்று அறுபது வயது. அழைப்பு மூன்றரைக்கு. ஆகவே பத்து நிமிடம் நனைந்தோம். இந்த நாட்டில் பிந்திப் போவதை ஒருவேளை மன்னிப்பார்கள். முந்திப் போனால் மன்னிக்கமாட்டார்கள்.

அந்த அம்மா ஒரு சித்திர அட்டைக் குழுவை நடத்தினார். அட்டையின் அளவு அறுபத்து நான்குக்கு எண்பத்தொன்பது மில்லிமீற்றர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு பக்கம் கையால் செய்த படம், மறு பக்கம் செய்தவரின் பெயர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் கூடி, ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வார்கள். விற்கக் கூடாது, விலை கேட்கவும் கூடாது. வளர்ந்த மனிதர்கள் பதினான்கு பேர். அவர்களில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பல்வைத்தியர் ஒருவர். பல்வைத்தியர் பழைய ரயில் ரிக்கெற்றைக் கிழித்து ஒட்டி அதற்குத் தலைப்பும் வைப்பார். நான்கு நிமிட வேலை. என் மனைவி வரையும் பாவற்காய்க்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். அதை முதலை என்று நினைத்து ஆசையோடு வாங்குவார்கள். நான்கு நிமிடத்துக்கு ஆறு மணி நேரம். இதை அவர்கள் சமத்துவம் என்பார்கள்.

நான் இதையெல்லாம் சகித்ததற்குக் காரணம் மனைவிதான். பதினாறு வருடம் இந்த ஊர் அலுவலகங்களையும் வீடுகளையும் துடைத்தவள் அவள். ஜெர்மன் வீடுகளுக்குள் போனதெல்லாம் வாளியோடு. நாற்காலி போட்டு, கேக் வெட்டிக் கொடுக்க அழைத்த முதல் வீடு இது. அதற்காக மூன்று நாள் எந்தச் சேலை என்று யோசித்தாள்.

அழைப்பில், பரிசு வேண்டாம், ஆளுக்கொரு அட்டை கொண்டுவந்தால் போதும் என்று எழுதியிருந்தது. எங்கள் கலியாண அட்டைகளில்கூட ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்றுதான் அச்சடிக்கிறோம். அதை நம்பி வெறுங்கையோடு போன ஒருவரையாவது நான் கண்டதில்லை. மனைவி தடுத்தாள். நான் கேட்கவில்லை. நல்ல உறையாக எடுத்து, ஐம்பது யூரோத் தாள் ஒன்றையும் ஒரு யூரோ நாணயக் குற்றி ஒன்றையும் வைத்து ஒட்டினேன்.

கதவு திறந்தது. அந்த அம்மா வாசலிலேயே மனைவியின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து வரவேற்றார். உலர்ந்த இலை ஒன்று, மேலே வெள்ளிச் சாயம். மனைவியின் பாவற்காய் அவளுடைய கைப்பையின் அடியில் கிடந்தது. அவள் அதைத் தேடி எடுப்பதற்குள் நான் உறையை நீட்டிவிட்டேன்.

எங்கள் ஆட்கள் என்றால் உறையை வாங்கி இடுப்பில் செருகுவார்கள். சனம் போன பிறகு, அறையைப் பூட்டிக்கொண்டு, யார் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதுதான் நாகரிகம். அந்த அம்மா எல்லோருக்கும் முன்னால் உறையைக் கிழித்தார். குற்றி துள்ளி விழுந்து, கேக் மேசையைச் சுற்றி உருண்டு, அலுமாரிக்கு அடியில் போய் மறைந்தது. நீதிபதி குனிந்து பார்த்தார்.

அந்த அம்மா சிவந்த முகத்தோடு, அட்டை விற்பனைக்கில்லை என்றார். இது அட்டைக்கல்ல, உங்கள் வயதுக்கு என்றேன். வயதுக்கு ஏன் ஐம்பத்தொன்று என்று பல்வைத்தியர் கேட்டார். அறுபது எதிர்பார்த்தார் போலும். முழுத்தொகை கொடுத்தால் அதோடு முடிந்துவிடும், ஒன்று சேர்த்தால் வளரும் என்று விளக்கினேன். விளக்க விளக்க அது வட்டிக்கடை விவகாரம் மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா தாளைத் திருப்பித் தந்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எங்களுக்குச் சரியில்லை. நான் வாங்கவில்லை. மூன்று தரம் அது அங்குமிங்கும் போய்வந்தது. கடைசியில் அதைச் சப்பாத்துத் தட்டில் வைத்தேன். அந்த அம்மா என் மனைவியின் கையிலிருந்த இலை அட்டையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

கேக் சாப்பிட்டோம். ருசி நினைவில்லை.

அடுத்த கூட்டத்துக்கான மின்னஞ்சல் எல்லோருக்கும் போயிற்று, மனைவிக்கு வரவில்லை. அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வரைந்து முடித்த பாவற்காய்களை மேசையில் அடுக்கிவைத்து, வேலைக்குப் போன நாட்களைப் போலக் காலை ஐந்துக்கு எழும்பி வீட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.

டோட்முண்டில் படிக்கும் மகளிடம் சொன்னேன். இங்கே பிறந்து வளர்ந்தவள்.

“அப்பா, அது கோயில் அருச்சனை இல்லை, காசைக் குடுத்துத் துண்டு எடுக்க. அந்த மனுசி உங்களிட்டக் காசு கேட்டவவோ?”

“கேட்டால்தான் குடுக்கிறதோ?”

“ஓம். இஞ்ச அப்பிடித்தான்.”

அவள்தான் அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து அரைமணி நேரம் பேசினாள். தீர்ப்பு இப்படி வந்தது: இலை அட்டை வேண்டுமென்றால் பதிலுக்கு ஓர் அட்டை வரவேண்டும். மனைவியுடையது அல்ல, என் கையால் செய்தது. ஐம்பது யூரோவை அவர் என் பெயரில் நாய் பூனைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். பற்றுச்சீட்டும் தபாலில் வந்தது. எங்கள் கோயிலுக்கு நான் ஒருபோதும் ஐம்பது யூரோ கொடுத்ததில்லை.

எனக்கு வரையத் தெரியாது. கோடு போடத் தெரியும். அகலத்தைப் பதின்மூன்றாகவும் நீளத்தைப் பத்தொன்பதாகவும் பிரித்தால் இருநூற்று நாற்பத்தேழு கட்டங்கள் வரும். தமிழ் எழுத்துகளும் அத்தனைதான். இதை யார் திட்டமிட்டதோ தெரியாது. மெல்லிய பேனையால், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, பதினொரு மாலை எழுதினேன். இரண்டு அட்டைகள் வீணாயின.

நவம்பர் கூட்டத்துக்கு இருவரும் போனோம். அந்த அம்மா என் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தலைகீழாக. நீதிபதி தாளம் நன்றாக இருக்கிறது என்றார். பல்வைத்தியர் இது பின்னல் வேலை மாதிரியா என்று கேட்டார். நான் விளக்க வாயெடுத்தேன். வேண்டாம், கலையை விளக்கக் கூடாது என்று அந்த அம்மா கையுயர்த்தினார். பிறகு இலை அட்டையை மனைவியிடம் நீட்டி, டிசம்பர் கூட்டத்துக்கு அந்த முதலைப் பழத்தில் ஒன்று எனக்கு ஒதுக்கி வையுங்கள் என்றார். என் அட்டையைத் தலைகீழாகவே அறிவிப்புப் பலகையில் குத்தினார். அகரம் அடியில் கால் மேலே தூக்கி நின்றது.

மனைவி எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே, தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, இப்ப வாயைத் திறந்தியளெண்டால், நீங்கள் தனியத்தான் வீட்டை போவியள்.”

திறக்கவில்லை. அவளுக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள், கதவுப் பக்கமாக. அங்கேயிருந்து இரண்டு மணி நேரம் தலைகீழான என் தமிழைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நாய் பூனைக்கு ஐம்பது. அலுமாரிக்கு அடியில் ஒன்று. பேனை ஆறு நாற்பது, அட்டைக் கட்டு நான்கு தொண்ணூற்றைந்து. இருவருக்கும் இரண்டு தரம் போக வரப் பயணச்சீட்டு பதினாறு எண்பது. ஆக எழுபத்தொன்பது யூரோ பதினைந்து சதம்.