தண்ணீருக்கு ஒரு சிபாரிசு

அந்தத் துணி தைக்கும் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பதினொரு வருஷமாக நர்ஸாக இருந்தவளுக்கு, தையல் பெண்கள் வைத்த பெயர் மாத்திரை அக்கா. தலைவலிக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று என்று கொடுத்தே காலம் ஓடியது. அந்த வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

"தண்ணி குடிக்கிறியா இல்லையா?" என்று கேட்டால், "குடிச்சா எழுந்து போகணுமேக்கா. எழுந்தா சூப்பர்வைசர் மேடம் ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, அதுக்கு இந்தக் கடுப்பே தேவலை" என்று சிரிப்பார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் எழுதாமல், வருகிற தடவைக்கு ஒரு கோடாக நோட்டில் போட்டு வந்தாள். இரண்டு மாதத்தில் முப்பத்தொரு கோடு.

மாத்திரை கொடுத்து மாளாது, தண்ணீர் குடிக்க வைத்தால்தான் உண்டு என்று முடிவு கட்டினாள். மெஷினுக்கு ஒரு பாட்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முறை வைத்து ஐந்து நிமிஷம் எழுந்து போய் வரலாம். மேனேஜர் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எட்டுப் பக்கம் எழுதி, வீட்டில் கணவனை உட்கார வைத்து வாசித்துக் காட்டினாள். முடிதிருத்தும் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த மனுஷன். மூன்றாவது பக்கத்திலேயே குறட்டை விட்டார்.

"என்னங்க!"

"கேட்டுட்டுதாம்மா இருக்கேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "உங்க மேனேஜர் எதுக்குப் பயப்படுவாரோ, அத முதல்ல சொல்லு. காதுகிட்ட கத்தி வைக்கிறப்போ, 'ஒண்ணும் ஆகாது, ஆடாம இருங்க'ன்னுதான் நான் ஆரம்பிக்கிறேன். மத்த கதையெல்லாம் அப்புறம்."

எட்டுப் பக்கம் ஒரு பக்கமானது.

கூட்டத்தில் மேனேஜருக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேலை நின்னுடும்னுதானே சார் யோசிக்கிறீங்க? எல்லா வரிசையும் வேண்டாம். ஒரே வரிசை, ரெண்டே வாரம். தைக்கிறது குறைஞ்சா நானே வந்து பாட்டிலையெல்லாம் எடுத்துட்டுப் போயிடறேன்."

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். "வெறும் கோடா இருக்கு. யார் யாருன்னு சொல்லுங்க சிஸ்டர், கூப்பிட்டுக் கேக்கறேன்."

"பேர் சொல்ல மாட்டேன் சார்."

"அப்போ நான் எப்படி நம்பறது?"

"பேர் வெளியே போச்சுன்னா நாளைக்கு என் ரூம் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க. வலியை மறைச்சுக்கிட்டு மெஷின்லயே உட்கார்ந்திருப்பாங்க."

ஒரே ஒரு பேரைச் சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். அந்தப் பேருக்குரியவள் எதிரேதான் இருந்தாள். அவள் பக்கம் திரும்பாமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

மேனேஜர் நோட்டை மூடினார். அப்போது சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தாள்.

"அதுல மூணு கோடு என்னுது சார்."

"நீங்களா?"

"நான் எழுந்தா எல்லாரும் எழுந்துடுவாங்கன்னு நானும் அடக்கிட்டே இருந்தேன். போன மாசம் குளிர் காய்ச்சலோட இவங்ககிட்டதான் போய் விழுந்தேன். என் வரிசையிலேயே ஆரம்பிக்கலாம்."

மேனேஜர் தாடையைத் தடவினார். "ரெண்டு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் தர மாட்டேன்."

வெளியே வந்ததும் நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு மேடம் சொன்னீங்க?"

"எங்க நீ சொல்லிடுவியோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொல்லலை. அப்புறமும் நான் வாயை மூடிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

முதல் மூன்று நாள் ஒரே கூத்து. பாட்டில் சாய்ந்து சட்டைத் துணி நனைந்தது. முறை தெரியாமல் ஏழு பேர் ஒன்றாக எழுந்து போனார்கள். நாலாம் நாள் சூப்பர்வைசரே பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினாள். இரண்டு வாரம் முடிந்தபோது தைத்தது குறையவில்லை. மத்தியானத்துத் தூக்கக் கலக்கம் போய், கொஞ்சம் கூடவே இருந்தது. அந்த வரிசைக்கு நோட்டில் ஒரே ஒரு கோடு.

திட்டம் எல்லா வரிசைக்கும் வந்தது. "ஏன் பாட்டில் நிறைஞ்சே இருக்கு? குடி!" என்று சூப்பர்வைசர் அதட்டிக்கொண்டே போவாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கழிப்பறை வாசலில்தான் வரிசை நீண்டுவிட்டது. நர்ஸ் அடுத்த மனுவோடு படியேறியபோது, மேனேஜர் தூரத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் சிஸ்டர், வாசிக்காதீங்க! கொத்தனாருக்குச் சொல்லியாச்சு."