பார்த்துட்டு சொல்லுங்க

காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அக்கா நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறார். கையில் டீ டம்ளர். பாதிதான் குடிப்பார், மீதியை எங்காவது வைத்துவிட்டுப் போய்விடுவார். கேபிள் உருளையின் மேல் ஒன்று, சிக்னல் பெட்டியின் மேல் ஒன்று, என் மேசையில் திரைக்குப் பக்கத்தில் ஒன்று. கேன்டீன்காரர் சாயங்காலம் கூடையோடு ஒரு சுற்று வந்து பொறுக்கிக்கொண்டு போவார். "அக்கா குடிச்ச டீயை விட ஆற வெச்ச டீதான் ஜாஸ்தி" என்பது அவருடைய புலம்பல்.

எங்கள் ரயில் நிலையத்தைப் பெரிதாக்கி, பழைய நெம்புகோல்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கணினித் திரையிலிருந்தே சிக்னல்களை இயக்கும்படி மாற்றுகிறார்கள். அதில் சோதனைக் குழுவுக்கு அவர்தான் தலைவி. நேரில் எல்லாருக்கும் அக்கா, முதுகுக்குப் பின்னால் பம்பரம். நான் மாடியில், கேபின் என்கிற கட்டுப்பாட்டு அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவன். என்னையும் அவர் "கேபின்" என்றேதான் கூப்பிடுகிறார். எனக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

வேலை கேட்பதற்கு எளிது. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அங்கே கூர்முனையுள்ள ஒரு துண்டுத் தண்டவாளம் நகர்ந்து வண்டியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும். நான் அழுத்தினால் அது நகர வேண்டும். நகர்ந்துவிட்டதாகத் திரையும் சொல்லும். ஆனால் மண்ணுக்கடியில் ஒரே ஒரு ஒயர் இடம் மாறிவிட்டால் போதும், திரை கூசாமல் பொய் சொல்லும். படத்தில் வண்டி காலிப் பாதையில் போகும். நிஜத்தில் இன்னொரு வண்டி நிற்கும் பாதையில் போகும். அதனால் ஒவ்வொரு பாயிண்டிலும் ஓர் ஆள் நின்று, கண்ணால் பார்த்து, எல்லாரும் இணைந்திருக்கும் போனில் சொல்லியாக வேண்டும்.

"கேட்டதைச் சொல்லாதீங்க. நினைச்சதைச் சொல்லாதீங்க. பார்த்துட்டு சொல்லுங்க." காலையில் ஆரம்பித்தால் வாய் ஓயும்வரை அக்காவுக்கு இதே பாட்டு. ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க வந்த அவருடைய கணவர் என்னிடம் முறையிட்டார்: "சாப்பிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டா சார். தட்டைக் காட்டணும்."

அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஓர் ஏற்பாடு உண்டு. "மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அவர் இருமினால் நான் அழுத்தக் கூடாது. பாயிண்ட் அசையாது. அங்கே நிற்கும் ஆள் பழக்கதோஷத்தில் "மாறிடுச்சு" என்றால் மாட்டினான். மழையில் நனைந்து அக்காவுக்கு நிஜமாகவே இருமல் வந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எது வேலை இருமல், எது சளி இருமல் என்று புரியாமல், தூக்கிய விரலை இறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இருமலில் ஒருமுறைகூடச் சிக்காதவர் மாமா. பாயிண்டில் நின்று பார்த்துச் சொல்கிற ஃபிட்டர். ஊருக்கே மாமா, அக்காவுக்கு மட்டும் அண்ணன். இந்தப் பாதையில் நிலையம் நிலையமாக இருவரும் சேர்ந்தே வேலை பார்த்து வந்திருக்கிறார்கள். அவருடைய சாப்பாட்டு டப்பாவில் கேட்காமல் கைவைக்கிற உரிமை அக்காவுக்கு உண்டு. அதையும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிகளையெல்லாம் நிறுத்திவைத்து, கடைசிச் சோதனை நடந்தது. இருட்டுவதற்குள் முடித்து ஒப்படைக்காவிட்டால் மறுநாள் காலை ஒரு வண்டியும் நகராது. நெம்புகோல்கள் பழைய இரும்போடு போய்விட்டன, திரும்பிப் போக வழியில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது ஏறக்குறைய எல்லாம் முடிந்திருந்தன. கேபிள்காரர்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் நடந்துகொண்டே இருந்தார்.

"வலது பக்கம் மாத்துங்க, கேபின்" என்றார். இருமினார்.

நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

"மாறிடுச்சும்மா. நல்லா உட்கார்ந்துடுச்சு" என்றது மாமாவின் குரல்.

நான் போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலுக்குப் போனேன். அக்கா தண்டவாளத்தில் இறங்கி மாமாவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"அண்ணே, அது மாறவே இல்ல."

"சத்தம் கேட்டுச்சேம்மா."

நடைமேடையில் கல் பதிக்கிறவர்களின் துளைபோடும் மெஷின் சத்தம் அது. மாமா வெயிலுக்கு ஒதுங்கி, சிக்னல் பெட்டியின் நிழலில் நின்றுகொண்டு, அதைப் பாயிண்டை நகர்த்தும் மோட்டாரின் சத்தம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"இன்னிக்கு எத்தனை இந்த மாதிரி சொன்னீங்க?"

மாமா தலையைத் துண்டால் துடைத்தார். "தெரியலம்மா. ஒண்ணு ரெண்டு இருக்கலாம். சத்தியமா தெரியல." ஒன்றுதான் என்று சாதித்திருந்தால் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

"அப்ப நீங்க பார்த்தது எல்லாத்தையும் திரும்ப பார்க்கணும்" என்றார் அக்கா.

விஷயம் தெரிந்து திட்ட மேலாளர் போனில் வந்தார். "ஒண்ணுதானே தப்பு? மத்ததெல்லாம் சரியாத்தான்மா இருக்கும்."

"இருக்கும்னுதான் நானும் நினைக்கிறேன் சார். நினைக்கிறதுக்கா எனக்குச் சம்பளம்?"

"சரி, அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற யாரையாவது போடுங்க. இனிமே அவரை எந்தச் சோதனைக்கும் எடுக்க வேணாம்."

அக்காவின் போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மாமாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அக்கா ஜல்லியில் நாலு எட்டு முன்னே போனார், திரும்பி வந்தார்.

"அவர்தான் பார்ப்பார் சார்" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. வேனில் ஏறிய கேபிள் மேஸ்திரி இறங்கி, "மூட்டையைக் கீழ வைங்கடா" என்றார். பூட்டிய பெட்டிகளை அவருடைய ஆட்களே ஓடி ஓடித் திறந்தார்கள். கல் பதிப்பவர்கள் மெஷினை அணைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கேன்டீன்காரர் கேட்காமலே டீ கொண்டுவந்தார்.

ஒவ்வொரு பாயிண்டாகத் திரும்பவும் ஆரம்பித்தோம். மாமா இப்போது முழங்காலை ஊன்றிக் குனிந்து, முனையும் தண்டவாளமும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்த பிறகே வாய் திறந்தார். அவர் சொல்லி முடித்ததும் அக்காவும் குனிந்து பார்த்தார். ஒன்றிலும் கோளாறு இல்லை. மேலாளர் சொன்னபடி எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் தன் தோளுக்கு மேலாக ஒரு தலை எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கிக்கொண்டே போனது. எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. பொழுதும் போய்க்கொண்டிருந்தது.

கடைசிப் பாயிண்ட் என் ஜன்னலுக்கு நேர் கீழே.

"மாத்துங்க, கேபின்."

விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அழுத்தினேன்.

மாமா குனிந்தார். விரலால் தடவினார். அப்படியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பி, பாயிண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சோதனைத் தாளைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றார்.

"மாறிடுச்சும்மா."

திரும்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.