கோர்ட் வாசலில் கழற்றிய ஷூ

நான் டென்னிஸ் கோர்ட்டுக்குள் போகும்முன் ஷூவைக் கழற்றுவதைப் பக்தி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பொய். எனக்கு அந்தப் பக்தியெல்லாம் கிடையாது.

பிளஸ் டூ முடித்த பின் ஒரு வருடம், நாரணாபுரத்தில் அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலையில் நானும் திரி வைத்தேன். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் யாரும் செருப்போடு போக மாட்டோம். அடியில் ஒட்டிய ஒரு கல் உரசினால் போதும், அறையே போய்விடும். வாசல் வந்தால் கால் தானாகச் செருப்பை உதறிவிடும்.

பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் ஆடிப் பழகியவள் நான். அந்தக் காலோடுதான் மதுரையில் ஒரு டென்னிஸ் பயிற்சி மையத்தின் தேர்வுக்குப் போனேன். விடுதியோடு ஒரே ஓர் இடம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ஆலை. சாத்தூரில் வாங்கிய புது ஷூவைக் கம்பிக் கதவருகே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நடந்தேன். பாதித் தூரம் போன பிறகுதான் உறைத்தது.

பயிற்சியாளர் சிரித்தார். "என்னம்மா, சாமி கும்பிட வந்தியா? தேங்காய் பழம் எங்கே?"

இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வேலிக்கு வெளியிலிருந்து அம்மா கத்தினாள். "சிரிக்காதீக சார்! எங்க ஊர்ல செருப்போட உள்ள போனா பொணமாத்தான் வெளிய வரணும். ஏ புள்ள, நீ வந்து மாட்டு!"

"மாட்ட மாட்டேன்" என்றேன்.

சிமென்ட் தரை, சித்திரை வெயில். எதிரே நின்றவள் அங்கேயே பயிற்சி பெறுபவள். முதல் செட் அவளுக்கு. இரண்டாவதில் என் பாதம் கொப்புளித்தது. நின்றால் சுட்டது, அதனால் எல்லாப் பந்துக்கும் ஓடினேன். மூன்றாவது செட்டை ஜெயித்தபோது கொப்புளம் உடைந்து தரையெல்லாம் ஈரத் தடம்.

இடம் கிடைத்தது. பஸ்ஸில் என் காலை மடியில் வைத்துக்கொண்டு அம்மா திட்டினாள். "எம்புட்டு வீம்பு ஒனக்கு! கால் போயிருந்தா எதை வச்சு வெளாடுவ?"

அவள் சொன்னது சரி. முட்டாள்தனம்தான். ஆனால் அன்று மாட்டியிருந்தால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து மாட்டியதாகியிருக்கும்.

பதினோரு வருடமாகத் தொழில்முறை ஆட்டக்காரி நான். இப்போதும் வாசலில் கழற்றுவேன், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து மாட்டுவேன். போன மாத இறுதிப் போட்டியில் நடுவர் நேரமாகிறது என்றார். ஆகட்டும் என்று லேஸைக் கட்டினேன். பட்டம் எனக்குத்தான்.

கோர்ட்டைக் கோயிலாக நினைக்கிறீர்களா என்று பேட்டியில் கேட்டார்கள். "இல்லை. என்னோடு திரி வைத்தவர்கள் இன்றைக்கும் உயிருக்குப் பயந்து வெறுங்காலோடு உள்ளே போகிறார்கள். அதை எழுதுங்கள்" என்றேன்.

மறுநாளும் பக்தி என்றே போட்டார்கள். அடுத்த வாரம் வேறு ஊர், வேறு கோர்ட். அங்கேயும் கழற்றுவேன். கேட்டால் திரும்பவும் இதையே சொல்வேன்.