காணிக்கை உறைக்குள் போன ஆஸ்பத்திரி கார்டு

1997இல் அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்தார். காக்ஸ் டவுனில் எங்கள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். எல்லோரும் அழுதோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த கார்டை ஸ்தோத்திரக் காணிக்கை உறைக்குள் வைத்துப் படைத்துவிட்டார். இனி அது தேவையில்லையாம். சபை அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த வருடம் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய் திரும்பி வருவதை ரத்தத்தில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று எங்கள் பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்த மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டுவதும், ஒவ்வொருவரின் ரத்தத்திலும் புற்றுநோயைக் காட்டும் பொருளின் அளவை வரைபடத்தில் குறிப்பதும் என் வேலை. ஒரு நாள் ஒருவருடைய கோடு ஏறியது. கூப்பிட்டு விசாரித்தார்கள். வலியே இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாராம். ஸ்கேனில் கட்டி தெரிந்தது.

அப்பாவும் வலியே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அப்பா கத்தவில்லை.

"சாட்சி சொன்னவன் திரும்பவும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா, ஆண்டவர் பேரு என்னாகும்மா?"

இது விசுவாசம் இல்லை, பயம் என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

அந்த நாட்களில் என் ஜெபம் ஜெபம் மாதிரியே இல்லை. ஆண்டவர் மேலும் கோபம். அப்பாவைக் குணமாக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் சட்டைக் கையை மடித்து ஊசிக்கு நீட்டினால் போதும், அதைச் செய்யும் என்று கேட்டேன். தினமும் அதே ஜெபம்.

சண்டைக்குப் பிறகு வந்த மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஸ்டெல்லா ஆண்ட்டி அப்பாவை வாசலில் நிறுத்தினார். சபை அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். கையில் அந்தக் கார்டு. நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"இந்தாங்க பிரதர். இத வச்சிக்கிட்டு ஆண்டவர் போய் க்யூவுல நிப்பாரா? உங்க பேருதானே போட்டிருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எந்த பஸ்ஸும்மா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவர் ரத்தத்திலும் அளவு ஏறியிருந்தது. கல்லீரலில் ஒரே ஒரு சின்னக் கட்டி. இன்னும் தாமதித்திருந்தால் அறுவை சிகிச்சையே செய்ய முடியாமல் போயிருக்கும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள்.

இது 2005. அப்பா இருக்கிறார். என்னோடு சண்டையும் போடுகிறார். நான் அந்த ஆராய்ச்சியிலேயே சேர்ந்துவிட்டேன். இன்றும் மாதிரிக்கு லேபிள் ஒட்டும்போது, இந்தக் கை நீளுவதற்கு வீட்டில் யார் எத்தனை நாள் ஜெபித்தார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த இரண்டாவது முறை குணமாகி வந்து அப்பா மறுபடியும் சபையில் நின்றார். "போன தடவை பாதி சாட்சிதான் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். கார்டு இப்போது அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஒரு தேதியும் தவறவில்லை.

உங்களில் யாராவது குணமானேன் என்று சொல்லிவிட்டுக் கார்டை ஒளித்து வைத்திருந்தால், இன்றைக்கே வெளியே எடுங்கள். ஆண்டவரை நம்புங்கள். நம்பி, அதில் போட்டிருக்கிற தேதிக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். கூட வருகிறேன்.